பிடிலுக்கு அடியில் கேட்ட கிட்டார்

அந்த நாற்காலியில் மட்டும் உட்காராதே, ப்ரோனா, அது கிரீச்சிடும். சரி செய்யவேண்டும் என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன. ஒலிப்பதிவு செய்கிற அறையில் கிரீச்சிடும் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று உன் புருஷன் ஃபின்டன் என்னை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். ஜன்னல் பக்கம் உட்கார். டீ ஆறுவதற்குள் குடி.

டோனல் உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். கால்வேயில் கடையில் வைத்து உன்னைப் பார்த்தானாம். 'ஃபின்டனோட பிடில்ல ஒரு குறையும் இல்ல, பதிவு செஞ்சவன்தான் அத நகர்த்தி வச்சிட்டான்' என்றானாம். அதைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக இங்கே கில்கீக்கு வந்துவிட்டாய். வந்தவள் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டாய். அந்த மரியாதைக்காகவே நான் முழுசாகச் சொல்கிறேன். நடுவில் பேசாதே. பேசினால் எனக்கு வரிசை தப்பிவிடும்.

இது ஒரு பெட்டியில் ஆரம்பித்த விஷயம். மைக்கில் விழும் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற சின்னப் பெட்டி, மேஜைமேல் சிவப்பு விளக்கு எரிகிறதே, அதுதான். பழையது கரகரக்க ஆரம்பித்ததால் இந்த வசந்தத்தில் புதிதாக வாங்கினேன். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினேன். இருபது வருஷமாக நானும் ஃபின்டனும் சேர்ந்து வாசிக்கிறோம், ஓர் இசைத்தட்டுகூட வெளியிட்டதில்லை, இந்த வருஷம் முடித்துவிடலாம் என்று அவனும் ஒத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் வேலை செய்த விதம் உனக்குத் தெரியும். முதலில் நான் கிட்டாரைத் தனியாகப் பதிவு செய்வேன். பிறகு அவன் வந்து அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதன்மேல் பிடில் வாசிப்பான். ஒரே அறையில் சேர்ந்து வாசித்தால் என் கிட்டார் அவன் மைக்கில் விழும் என்பான். உண்மையான காரணம் வேறு, என்னோடு சேர்ந்து வாசித்தால் என்னால் மெட்டு இழுபடுகிறது என்று நினைத்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லித்தான் இருந்தான்.

இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதியும்போது எல்லாப் பெட்டியும் கொஞ்சம் தாமதிக்கும். வாசித்த ஒலி கம்பி வழியாக உள்ளே போய், எண்களாக மாறி, கம்ப்யூட்டரில் இடம் பிடிப்பதற்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துண்டு கழிந்துவிடும். அதனால் மேலே பதிகிற வாத்தியம் அடியில் இருப்பதைவிட ஓர் இழை பின்னால் போய் உட்காரும். பயப்படுகிற விஷயம் இல்லை. பெட்டியின் வெளிவாயையும் உள்வாயையும் ஒரு கம்பியால் கோத்து, ஒரு 'டிக்' சத்தத்தை அனுப்பி, அது எவ்வளவு பிந்தித் திரும்புகிறது என்று அளந்து கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு பதிவையும் அது அந்த அளவு முன்னால் இழுத்து, வாசித்த இடத்திலேயே வைத்துவிடும். பெட்டி மாற்றினால் எவனும் முதலில் செய்கிற வேலை இது. நான் மறந்துவிட்டேன். இதில் எந்தச் சூதும் இல்லை, நம்பு.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபின்டன் வந்தான். வேகமான ஆட்ட மெட்டு ஒன்றை வாசித்தான். வழக்கம்போல ஹெட்போனில் ஒரு காதை மூடி, இன்னொரு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசித்தான். தன் பிடிலைத் தன் காதால் நேராகக் கேட்காவிட்டால் இங்கே எந்தப் பிடில்காரனுக்கும் கை ஓடாது. வாசித்து முடித்ததும் திருப்பிப் போட்டேன். பிடில் கிட்டாருக்கு ஓர் இழை பின்னால் வந்தது. இன்னொருவனாக இருந்தால் ஏதோ சொகுசாக இருக்கிறது என்று விட்டிருப்பான். ஃபின்டனின் முகம் சுவர்போல வெளுத்துவிட்டது.

ஏன் வெளுத்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் நான் எங்கே நின்று பார்த்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். அவன் அப்பா பேக்கி, சனிக்கிழமை நடனங்களுக்கு டிரம் வாசித்தவர். அவர் தாளத்தின்மேல் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம் என்று ஊரே சொல்லும். முப்பத்தெட்டு வயதில் அவர் பின்னால் விழ ஆரம்பித்தார். ஆடுகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். குடித்துவிட்டு வருகிறார் என்றார்கள். பாதிரியார் வீட்டுக்கே வந்து திட்டிவிட்டுப் போனார். அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டவர் இல்லை. அப்புறம் கை தானாக ஆடியது, பிறகு கால், பிறகு நாக்கு. கடைசியில் என்னிஸ் ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். ஃபின்டனின் அம்மா பத்து வருஷம் அவருக்கு ஊட்டிவிட்டாள்.

குடும்பத்தில் ஓடுகிற நோய் என்றார்கள் டாக்டர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். அண்ணன் ஓவன் சோதித்துக்கொண்டான், இருக்கிறது என்று வந்தது, அன்றைக்கு வாயை மூடியவன்தான். அதைப் பார்த்த ஃபின்டன் சோதனையே வேண்டாம் என்றுவிட்டான். அவனுக்கு அவனுடைய கணக்கு இருந்தது. ஒருநாள் இந்த ஜன்னலோரம் நின்றுகொண்டு சொன்னான்:

"எங்கப்பாவுக்கு மொதல்ல போனது தாளம்தான்டா. கை ஆடுனதெல்லாம் அப்புறம். எனக்குத் தாளம் நிக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நாப்பது வயசத் தாண்டிட்டா நானும் ப்ரோனாவும் பிள்ள பெத்துக்குவோம். அவளும் சரின்னுட்டா."

இந்த டிசம்பரில் அவனுக்கு நாற்பது. நீ பின்னறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருந்தாய். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த சனிக்கிழமை அவன் என்னைப் பார்த்து, "மலக்கி, இது நானா, மெஷினா?" என்று கேட்டான்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நேத்துதான் பாத்தேன்" என்றேன்.

பார்த்தது உண்மை. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். அளக்கத்தான் இல்லை. அதனால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவன் மறுபடி வாசித்தான், மறுபடி பின்னால் விழுந்தது. பிடிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவன் போனதும் எனக்கு உறைத்தது. கம்பியைக் கோத்து அளந்தேன். குற்றம் முழுக்க முழுக்கப் பெட்டியுடையது. அவன் வாசித்ததை அந்த அளவு முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டேன், மயிரிழை பிசகாமல் கிட்டாரின்மேல் உட்கார்ந்தது. போனைக் கையில் எடுத்து அவன் பெயரைக்கூடத் தேடி வைத்தேன். பிறகு போனை மேஜையில் வைத்தேன்.

ஏன் என்றுதானே கேட்டாய். இதுதான் அந்த இடம்.

ஹிலரியின் பப்பில் நாங்கள் வாசிக்கிற ஒவ்வொரு முறையும் அவன் என்னை எப்படி அறிமுகம் செய்வான் என்று ஞாபகப்படுத்திப் பார். "இவன் மலக்கி. அம்மா வயித்துலேருந்து வந்ததே ரெண்டு வாரம் லேட்டு. கிட்டார்லயும் அப்பிடித்தான் வருவான். பயப்படாதீங்க, எப்பிடியும் வந்து சேந்துருவான்." எல்லோரும் சிரிப்பார்கள். ஹிலரி பீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். நீயும் சிரித்திருக்கிறாய், நானும் சிரித்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவன் இல்லை. ஆனால் இருபது வருஷத்தில் எந்த மெட்டை எந்த வேகத்தில் எடுக்கலாம் என்று ஒரு தடவைகூட அவன் என்னைக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான். என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டான். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, வேறென்ன சொல்ல.

அப்படியும் மறுநாளே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். மறுநாள் அவனே வந்தான், பிடில் இல்லாமல். இதோ இங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினான். அப்பாவைப் பற்றி, ஓவனைப் பற்றி, உன்னைப் பற்றி. போகும்போது, "உன்கிட்ட பேசுனா மனசு லேசாகுதுடா" என்றான். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமையும் அளந்த அளவைக் கம்ப்யூட்டரிடம் சொல்லாமலே விட்டேன். அவன் பிடில் மறுபடி பின்னால் விழுந்தது. போகப்போக அதுவும் போதவில்லை. எப்போதும் ஒரே அளவு பின்னால் விழுந்தால் அவன் கெட்டிக்காரன், மெஷின்தான் என்று கண்டுபிடித்துவிடுவான். நோய் ஒரே அளவாக வராது. அதனால் அளவைச் சரியாகக் கொடுத்துவிட்டு, அவன் வாசித்து முடித்ததும், "இரு, சேமிச்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நானே கையால் நகர்த்தினேன். முதல் மெட்டைத் தொடமாட்டேன். இரண்டாவதைக் கொஞ்சம் நகர்த்துவேன். மூன்றாவதில் கடைசிச் சுற்றை மட்டும் வெட்டி, கூடக் கொஞ்சம் பின்னால் தள்ளுவேன், களைத்த கை இழுக்கிற மாதிரி. சில நாள் எதையுமே நகர்த்தமாட்டேன். அன்றைக்கெல்லாம் அவன் சீட்டியடித்துக்கொண்டு படியிறங்கிப் போவான். நடுநடுவே நல்ல நாள் கொடுக்காவிட்டால் மனிதனுக்குப் பயம் பழகிப்போய்விடும்.

ஒன்றை நீ கவனிக்கவேண்டும். அவன் பின்னால் விழுகிறான் என்று நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. "உண்மைய சொல்றா, எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்பான். நான் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, விடு" என்பேன். அந்த ஒரு நொடி நீளக்கூடாது, குறையவும் கூடாது. அதை மட்டும் நான் சரியான நேரத்தில் செய்தேன்.

பப்பில் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருந்தாய் என்று நினைப்பாய். அங்கே எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கிற கூச்சலில் யார் முன்னால், யார் பின்னால் என்று யாருக்குத் தெரியும்? நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வாசித்தேன், அவ்வளவுதான். அவன் காலால் தரையைத் தட்டித்தட்டிப் பார்ப்பான், என் கையைப் பார்ப்பான், எட்டிப் பிடிக்கப் பார்ப்பான். ஜூலையில் ஒருநாள் மெட்டின் பாதியிலேயே வில்லை மடியில் வைத்துவிட்டான். ஹிலரி, "என்ன ஃபின்டன், தூங்கிட்டியா?" என்று கேட்டாள். சிரிப்பு எழுந்தது. அவன் அப்புறம் அங்கே போகவே இல்லை.

அதன்பிறகு நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. அவனே செய்துகொண்டான். கோப்பையைக் கை தவறவிட்டான், யாருக்குத்தான் தவறாது? உடைந்த கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான் என்று நீதான் சொன்னாய். காரை ஓட்டுவதை நிறுத்தினான். படுக்கும்போது கைகளைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஆடுகிறதா என்று பார்த்தபடி கிடந்தான். இதையெல்லாம் நீ என்னிடம் சொன்னது சூப்பர் மார்க்கெட் வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில். மழை தூறிக்கொண்டிருந்தது.

"மலக்கி, எனக்கு ஒளிக்காம சொல்லு. அவன் வாசிக்கிறப்ப ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டாய்.

நான் அந்த ஒரு நொடி இருந்துவிட்டு, "நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடாத, ப்ரோனா" என்றேன்.

நீ வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன் பைகளை நான்தான் பின்னால் ஏற்றி வைத்தேன். உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் உன்னிடம் ஒன்று, அவனிடம் ஒன்று என்று பேசினால் ஒருநாள் இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன்.

நீ அவனைச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது தெரியும். அவன் வந்து சொன்னான்: "என் காதால கேட்டத ஒரு காகிதம் வந்து எனக்குச் சொல்லணுமா? அவளுக்குப் புரியல, மலக்கி. உனக்குப் புரியும்." நான் தலையாட்டினேன். உன்னைக் கால்வேயில் உன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று என்னிடம்தான் கேட்டான். அம்மா அப்பாவுக்கு ஊட்டிவிட்ட மாதிரி நீ அவனுக்கு ஊட்டிவிடக்கூடாதாம். நான் போகச்சொல் என்றும் சொல்லவில்லை, போகச்சொல்லாதே என்றும் சொல்லவில்லை. உன் மனசு என்ன சொல்லுதோ அதைச் செய் என்றேன். செப்டம்பரில் உன்னை அனுப்பினான். போகமாட்டேன் என்று நீ படியில் உட்கார்ந்துகொண்டாயாமே. உன் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தானாம். சொல்லும்போது அவன் அழுதான், இதே அறையில்.

அதற்குப் பிறகு தினமும் வந்தான். பிடிலைத் தொடவில்லை. நான் சூப் வைப்பேன், ரொட்டி வெட்டுவேன், இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். அவன் என்னைக் கேலி செய்வதை நிறுத்தியிருந்தான். உனக்கு அது மோசமான காலமாக இருந்திருக்கும். எனக்கு இந்த வருஷத்தில் அதுதான் நல்ல காலம்.

டோனலைக் கூப்பிட்டதும் ஃபின்டன்தான். "எனக்கப்புறம் ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்டா. பின்னால விழுந்தாலும் பரவால்ல, தட்ட முடிச்சிடு" என்றான். போன வியாழக்கிழமை டோனல் பதிவுகளை வாங்கிக்கொண்டு போக வந்தான். சத்தங்களை ஒழுங்காகக் கலந்து தருவதுதான் அவன் தொழில். மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஒரு மெட்டில் பிடிலை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டான். கேட்டவன் முகத்தைச் சுளித்தான்.

"டேய், பிடிலுக்கு அடியில கிட்டார் கேக்குது பாரு."

"அவன் ஒரு காத தொறந்து வச்சுக்கிட்டுத்தான் வாசிப்பான். ஹெட்போன்லேருந்து கசிஞ்சு மைக்ல விழுந்திருக்கும்" என்றேன்.

"கசியட்டும், அது இல்ல விஷயம். இந்தக் கசிஞ்ச கிட்டாரும் நீ தனியா வாசிச்ச கிட்டாரும் ஒரே நேரத்துல கேக்கணுமா இல்லையா? ரெண்டையும் சேத்துப் போட்டா எதிரொலி மாதிரி பின்னால வருது. கசிஞ்ச கிட்டாரோட பிடில் கச்சிதமா ஒட்டிக்கிட்டு நிக்குது. அவன் காதுல கேட்டதோட சரியாத்தான் வாசிச்சிருக்கான். நீதான் மொத்தத்தையும் பின்னால கொண்டுபோய் வச்சிருக்க. பெட்டிய அளக்கலையா நீ?"

"அடடா. மறந்துட்டேன்போல" என்றேன்.

"உருப்படியா ஒரு வேல செய்யமாட்டியே நீ" என்று முதுகில் தட்டினான். "எல்லாத்தயும் எடத்துல வச்சு அனுப்பு. பாவம்டா அந்த மனுஷன், என்னமா வாசிச்சிருக்கான்!"

அவனுக்கு அது ஒரு கவனக்குறைவு, அவ்வளவுதான். உன்னிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான்.

ஆக, வாசித்தது சரி என்பதற்கு பிடிலுக்கு அடியில் கேட்கிற அந்தக் கிட்டார்தான் சாட்சி. டோனலுக்கு அனுப்புவதற்காக கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் இடத்துக்கு நகர்த்தினேன், கசிந்த கிட்டாரையும் துடைத்து எடுத்தேன். சுத்தமான வேலை என்றால் அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் அதற்கு முன்னால், நகர்த்தியது நகர்த்தியபடியே இருந்த எல்லாவற்றையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்தேன். ஒரே பிரதி. எனக்குள்ளும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது, ப்ரோனா. இன்றைக்குக் காலையில் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நீ வந்து கேட்பதற்கு முன்னாலேயே போய்விட்டேன்.

ஃபின்டன் அடுக்களையில் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்காமல் இருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். பெட்டி, அளவு, நகர்த்தியது, பப்பில் கிட்டாரை முன்னால் தள்ளியது, எல்லாம். உன்னிடம் இப்போது சொன்னதைவிடக் குறைத்துச் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

"அடப்பாவி. பொய்கூட ஒழுங்கா சொல்ல வராதாடா உனக்கு?"

"பொய் இல்ல, ஃபின்டன்."

"நீயா? பிடில நகர்த்துனியா? கிட்டார முன்னால தள்ளுனியா? உன் வாழ்நாள்ல நீ எதுக்குடா முன்னால வந்திருக்க?"

சரி செய்து வைத்திருந்த மெட்டு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டான். கண் கலங்கியது. "கம்ப்யூட்டர்ல நேர் பண்ணியிருக்க. நல்லா பண்ணியிருக்க. எனக்காக ராத்திரி பகலா உக்காந்திருப்ப" என்றான். "யாரு சொல்லிக் குடுத்தா, ப்ரோனாவா? அடுத்து டோனல அனுப்புவீங்க. எல்லாரும் சேந்து எனக்குத் தைரியம் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?"

பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். உனக்கே தெரியும், நாங்களெல்லாம் கட்டிக்கொள்கிற ஆட்கள் இல்லை. அவன் அப்பாவின் சவ அடக்கத்தில்கூட நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம், அவ்வளவுதான். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்காகப் பழிய உன்மேல போட்டுக்கறியே, எவன்டா செய்வான் இத?" என்றான். அவன் கை என் முதுகில் நடுங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே நடுங்குகிறது இப்போது. பயத்திலா, இத்தனை நாள் தூக்கம் இல்லாததிலா, நோயிலா, எனக்குத் தெரியாது. நீ போய், 'என் முன்னால் வாசித்துக் காட்டு' என்று கெஞ்சலாம். வாசிப்பான், பின்னால்தான் விழும். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அப்படியே நின்றுகொண்டு அவன் இன்னொன்றும் சொன்னான். உன்னிடம் தானே சொல்வதாகவும், நான் வாயைத் திறக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டான். ஆனால் நீ உண்மையைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், உன்னிடம் ஒளிப்பது சரியில்லை. செவ்வாய்க்கிழமை அவன் லிமரிக் போய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டான். "என்னோட முடியட்டும்டா. ஒரு பிள்ளைக்கு இதக் குடுத்துட்டுப் போகமாட்டேன். இப்பதான் நிம்மதியா இருக்கு" என்றான்.

டீயைக் கீழே வை. சிந்தினால் பரவாயில்லை, நான் துடைத்துக்கொள்கிறேன்.

ஆமாம், டிஸ்க் அப்போது என் கோட்டுப் பையில்தான் இருந்தது. பைக்குள் கையை விட்டு எடுத்திருக்கலாம். மேஜைமேல் உன் மடிக்கணினி இருந்தது, மாட்டினால் இரண்டு நிமிஷம். பிடிலுக்கு அடியில் அந்தக் கிட்டாரை ஒரு தடவை கேட்டால் போதும், அவன் காதுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அவன் உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, எதுவும் ஆரம்பிக்கவில்லை, உன்னை அனுப்பியிருக்கவேண்டியதில்லை, செவ்வாய்க்கிழமை போயிருக்கவேண்டியதில்லை, எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டு ஒரு மனிதன் அப்புறம் என்ன செய்வான் என்று யோசித்துப் பார். நான் யோசித்தேன்.

அதனால் திரும்பி வரும் வழியில் படகுத்துறையில் நின்று அதைத் தண்ணீரில் போட்டேன். நீ கேட்கப்போவது அதைத்தான் என்று தெரியும். அது இனி இல்லை. என்னிடம் இருந்த உண்மையை நான் அவனிடமும் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிவிட்டேன். இதற்குமேல் என்னிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவன் என்னை அப்படிக் கட்டிக்கொண்டு, நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னான், ப்ரோனா. அந்த நேரத்தில் போய் அவனை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.